இருநூறைத் தாண்டினால் பள்ளி இல்லை

மலேசியாவில் தலைமையாசிரியராக இருப்பவர்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் திடலில் விளையாட்டு, சபைகூடல், புறப்பாட நடவடிக்கை எதுவும் கூடாது. 200ஐத் தாண்டினால் பள்ளியையே மூடிவிட வேண்டும். புகை மோசமான ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிட்டால், பெற்றோரும் காலையில் கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் சீருடையைக் கையில் எடுக்கிறார்கள். மழைக்கு விடுமுறை விட்டுப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது விநோதமாகப் படலாம். மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் ஒரு தலைமுறையே இப்படித்தான் படித்து முடித்திருக்கிறது.

மலாய்மொழியில் இதற்கு ‘ஜெரெபு’ என்று பெயர். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் நாளிதழ்கள் ‘புகைமூட்டம்’ என்று எழுதுகின்றன. தீ எரியும் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பேச்சுவழக்கில் வெறும் ‘ஆசாப்’, அதாவது புகை. தள்ளி இருப்பவர்களுக்குத்தான் அது மூட்டம்.

இந்தப் புகைக்கு வயது என்ன என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு நல்ல வழியைப் பிடித்தார்கள். விமானம் இறங்க வேண்டுமானால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமான நிலையங்கள் தினமும் குறித்து வைக்க வேண்டும். 1960 முதலான அந்தப் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமத்ராவில் 1960களிலிருந்தே வறட்சி வந்தால் புகை வந்திருக்கிறது. கலிமந்தானில் 1980களுக்கு முன்பு கடும் வறட்சி வந்த ஆண்டுகளிலும் பெரிய புகை இல்லை. அங்கே குடியேற்றமும் காடழிப்பும் வேகம் பிடித்த பிறகுதான் வறட்சியும் புகையும் கைகோத்தன. ஆக, வறட்சியைக் கொண்டுவரும் எல் நினோவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

எரிவது மரம் மட்டும் என்றால் இவ்வளவு புகை வராது. எரிவது மண்ணும்தான். இந்தோனேசியக் கடலோரச் சமவெளிகளில் ‘காம்புட்’ என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. நீரில் மூழ்கி, முழுசாக மக்காமல், மரமும் வேரும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் இடம் அது. சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல். மண் என்கிறோமே தவிர, நனைந்த விறகு என்று சொல்வதே பொருத்தம். நனைந்திருக்கும்வரை பற்றாது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், உமி மூட்டத்தில் நெருப்பு வைத்த மாதிரி, மேலே சுவாலை தெரியாமல் உள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஓரிடத்தில் தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் புகை எழும். கடைசியில் அதை அணைப்பது மழைதான்.

கால்வாய் வெட்டியது யார் என்பதற்கு ஒரே பதில் இல்லை. செம்பனைத் தோட்ட நிறுவனங்கள், காகிதக் கூழுக்கு மரம் வளர்ப்பவர்கள், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி என்று எல்லாரும் பட்டியலில் உண்டு. தீ வைப்பதைவிட மலிவாக நிலத்தைச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதே எல்லாருடைய கணக்கும். ஆனால் மிகப் பெரிய வெட்டு அரசாங்கம் வெட்டியது. 1990களின் நடுவில் அதிபர் சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல் வயலாக மாற்ற ஆணையிட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. நிலம் மட்டும் காய்ந்தது. 1997இல் எல் நினோ வந்தபோது விறகு தயாராக இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் போர்னியோவின் வடமேற்குக் கரையில் உள்ள சரவாக்கில் நண்பகலிலேயே வாகனங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. செப்டம்பர் 19இல் மலேசிய அரசு அம்மாநிலத்தில் அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகள், அலுவலகங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் மூடப்பட்டன. கூச்சிங் நகரில் குறியீடு 800ஐத் தாண்டியது. அந்தக் குறியீட்டை வகுத்தவர்கள் 500க்கு மேல் ஒரு நிலைமையை யோசித்துப் பார்க்கவில்லை. அவர்களுடைய அளவுகோலில் 301 வந்தாலே ‘அபாயகரம்’. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலேசியத் தீயணைப்பாளர்கள் கடல் கடந்து சுமத்ராவுக்குத் தீயணைக்கப் போனார்கள். சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பர் 26இல் மேடான் அருகே, புகை சூழ்ந்த வானத்தில் தரையிறங்கப் போன கருடா விமானம் மலையில் மோதி 234 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு இந்தோனேசியச் சதுப்பும் காடும் எரிந்து வெளியேறிய கரிமம், உலகம் முழுவதும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து ஓர் ஆண்டில் வெளியேற்றுவதில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

பிள்ளைகளைப் பற்றி அப்போது சொல்லப்பட்ட புத்திமதி ரொம்ப எளிமையானது. வீட்டுக்குள் இருங்கள், சன்னலைச் சாத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெளியே போனால் முகமூடி போடுங்கள். கையில் கிடைத்ததோ மருந்துக் கடையில் விற்ற மெல்லிய முகமூடி. மனிதத் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் புகைத் துகளுக்கு அது வாசல் திறந்து வைத்த வீடு. அந்தத் துகள் நுரையீரலின் கடைசி அறைவரை போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கக்கூடியது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் தங்கள் எடைக்கு அதிகமான காற்றை இழுக்கிறார்கள். நுரையீரலும் வளரும் பருவத்தில் இருக்கிறது. பள்ளியை முதலில் மூடுவதற்குக் காரணம் இதுதான்.

1997க்குப் பிறகு நடந்த ஒரு காரியம் இப்போது யோசித்தால் நம்ப முடியாததாக இருக்கிறது. மலேசிய அரசு அந்த எண்ணையே பூட்டி வைத்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற கவலையில், குறியீட்டு அளவுகள் அரசாங்க ரகசியமாயின. கருவிகள் அளந்துகொண்டிருந்தன, அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிக்கும் அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. அவர் வானத்தைப் பார்த்து, மூக்கால் முகர்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

2005 ஆகஸ்டில் அந்தப் பூட்டு உடைந்தது. சுமத்ரா புகை நேராகச் சிலாங்கூர் கரைக்கு வந்தது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் மறைந்தன. எண்ணைச் சொல்லுங்கள் என்று கூச்சல் எழுந்தபோது, பிரதமர் அப்துல்லா படாவி அரசு அதை வெளியிட ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 11இல் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்ட, அங்கே அவசரநிலை வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை.

கோலசிலாங்கூர் என்ற பெயரில் ஒரு சரித்திர முரண் ஒளிந்திருக்கிறது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே அந்த மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் வட்டாரம் ரப்பர் காலத்திலிருந்தே தமிழர்கள் நெருங்கி வாழும் இடம். தோட்டத்துக்கு ஒன்று என்று எழும்பிய தமிழ்ப்பள்ளிகளில் பல இன்னும் அங்கே நடக்கின்றன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தபோதும் வேலை செய்தவர்கள் அதே குடும்பங்கள்தான். எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலம் கொளுத்தப்பட்டதில் பெரும் பங்கு அதே பயிரின் பெயரால். சுமத்ராவில் தோட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடு உள்ளவையும் கணிசம். எனவே ‘அவர்கள் புகை, நம் மூச்சு’ என்ற புலம்பல் பாதி உண்மைதான்.

தோட்டப்புறப் பள்ளிக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகக் கண்ணாடிப் பட்டைச் சன்னல்கள், மேலே காற்றுப் போக இடைவெளி, உத்தரத்தில் இரண்டு மின்விசிறி. வெப்ப நாட்டுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும் என்பதற்காகவே கட்டியது. புகை வரும் நாளில் அந்தச் சிறப்பே பகையாகிறது. பட்டைகளை எவ்வளவு இறுக்கித் திருகினாலும் இடையில் விரல்நுனி நுழையும் சந்து இருக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், முப்பத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்த அறை அரைமணியில் வேக ஆரம்பித்துவிடும். வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையுமாக வரும் பிள்ளைகளின் துணியில் ஏறிய புகைவாடை துவைத்துக் காயப்போட்டாலும் போகாது. கொடியில் காயும்போதே மறுபடியும் ஏறிவிடும்.

சரி, பள்ளியை மூடி அனுப்பிவிட்டால்? பிள்ளை போய்ச் சேரும் வீட்டிலும் அதே சன்னல், அதே காற்று. அப்பா தொழிற்சாலையில், அம்மா தோட்டத்தில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பையன் வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் வெளியே பந்து விளையாடுவான். பள்ளியை மூடுவதால் கிடைக்கும் நன்மை வீட்டுக்கு வீடு மாறும் என்ற இந்தச் சின்ன உண்மை ஆணைகளில் ஏற நீண்ட காலம் பிடித்தது.

2013 ஜூனில் எண்கள் மறுபடி எகிறின. சிங்கப்பூரில் 21ஆம் தேதி நண்பகல் குறியீடு 401. அந்த ஜூனுக்கு முன் அந்நாடு கண்ட உச்சம் 1997இன் 226தான். அடுத்த இரண்டு நாளில் மலேசியாவின் ஜொகூர் மாநில மூவார் பட்டணத்தில் 746 பதிவாகி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை வந்தது. சிங்கப்பூரில் அது பள்ளி விடுமுறை மாதம் என்பதால் ஒரு தலைவலி மிச்சம். மருந்துக் கடைகளில் என்95 முகமூடிகள் காலியாகின. வசதி குறைந்த இரண்டு லட்சம் குடும்பங்களுக்கு அரசு பத்து லட்சம் முகமூடிகளைக் கொடுத்தது. ஆனால் அந்த முகமூடி பெரியவர்களின் முகத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கன்னத்தில் அது ஒட்டாது, ஓரத்தில் சந்து விழும், சந்து விழுந்தால் போட்டும் பயனில்லை. பிள்ளை முகத்துக்கு ஏற்ற முகமூடி தேடும் வேலை அப்போதுதான் சூடுபிடித்தது.

அந்த ஜூனில் இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர் சிறுபிள்ளை மாதிரி நடந்துகொள்கிறது என்று இந்தோனேசிய அமைச்சர் அகுங் லக்சோனோ எரிச்சலோடு சொல்லிவைத்தார். சில நாளில் அதிபர் யூதோயோனோ மன்னிப்புக் கேட்டார். எல்லை தாண்டும் புகையைத் தடுக்க 2002இல் ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 2014 செப்டம்பரில். அதே ஆண்டு சிங்கப்பூர் ஒரு சட்டம் போட்டது. புகைக்குக் காரணமான நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிவரை, மொத்தம் இருபது லட்சம் வெள்ளிவரை அபராதம். குறியீட்டைக் கணக்கிடும் முறையும் அப்போது மாறியது. அதுவரை 10 மைக்ரான் துகளை அளந்தே எண்ணைச் சொன்னார்கள். புகையில் மோசமான 2.5 மைக்ரான் நுண்துகள் கணக்கில் வரவில்லை. சிங்கப்பூர் 2014 ஏப்ரலில் அதைச் சேர்த்தது, மலேசியா 2018 ஆகஸ்டில். அதே காற்று, ஆனால் எண் முன்னைவிட உண்மை பேசத் தொடங்கியது.

பிறகு வந்தது 2015. செப்டம்பர் 24, வியாழன், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. சிங்கப்பூரில் காலையிலிருந்தே எண் ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தும் மூடப்படும் என்று கல்வி அமைச்சர் ஹெங் சுவீ கியட் அன்று மாலை அறிவித்தார். 2003இல் சார்ஸ் நோய்க்காக மூடியதற்குப் பிறகு அப்படி ஒரு மூடல் இல்லை. புகைக்காக மூடியது அதுவே முதல் தடவை. அடுத்த வாரம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. பிள்ளையின் மூச்சைவிடத் தேர்வு அட்டவணையைப் பற்றி அதிகம் கவலைப்படும் பெற்றோர் சிங்கப்பூரில் குறைவில்லை. தேர்வு நடந்தது. மலேசியாவிலோ அக்டோபர் 5, 6 தேதிகளில் கிளந்தான், சபா, சரவாக் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. பிறகும் விட்டு விட்டு மூடல் தொடர்ந்தது.

இதெல்லாம் புகையின் ஓரத்தில் நடந்தவை. நடுவில் இருந்த, மத்திய கலிமந்தானின் பாலங்காராயா நகரில் குறியீடு 2000ஐத் தாண்டியது. அங்கே வானம் மஞ்சளாக இருந்தது; எதிர்வீடு தெரியவில்லை. ரியாவ், ஜாம்பி, மத்திய கலிமந்தான் மாகாணப் பள்ளிகள் வாரக்கணக்கில் பூட்டியே கிடந்தன. பிள்ளைகளையும் தாய்மார்களையும் வெளியேற்றப் போர்க்கப்பல்களைத் தயாராக நிறுத்தும் அளவுக்கு நிலைமை போனது. ஐந்து லட்சம் பேருக்கு மூச்சுக்குழல் நோய் என்று அரசே சொன்னது. எரிந்த பரப்பு 26 லட்சம் ஹெக்டேர்; நட்டம் 1600 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தப் புகையால் மூன்று நாடுகளிலும் ஒரு லட்சம் பேர் ஆயுள் முடியுமுன் இறந்திருக்கலாம் என்று ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் ஏறத்தாழ 91,600 பேர் இந்தோனேசியர்கள், 6500 பேர் மலேசியர்கள், 2200 பேர் சிங்கப்பூர்க்காரர்கள். இறந்தவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் புகை கிளம்பிய நாட்டிலேயே இருந்தவர்கள். உலகப் பத்திரிகைகள் அதிகம் பேசியது சிங்கப்பூரின் மூன்று இலக்க எண்ணைப் பற்றி.

பள்ளிக்கே வராமல் போன பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்தோனேசியாவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து, 1997 புகைக் காலத்தை ஒட்டிப் பிறந்திருக்க வேண்டியவர்களை எண்ணினார். புகை அடர்ந்த வட்டாரங்களில் கணக்கு இடித்தது. கருவிலும் சிசுவாகவும் குழந்தையாகவும் 15,600க்கும் மேற்பட்டோர் காணாமல் போயிருந்தார்கள். ஏழை வட்டாரங்களில் பாதிப்பு இன்னும் மோசம். அந்த ஆய்வு வந்து பத்து ஆண்டுகள் கழித்து வெளியான இன்னோர் ஆய்வு, பிழைத்தவர்களைத் தேடிப் போனது. 1997இல் தாய் வயிற்றில் இருந்தபடி புகையைச் சுவாசித்தவர்கள் 17 வயதில் சராசரியாக 3.4 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். தேர்வு எழுதும் மேசையில் அந்தக் குறை தெரியாது. அளவுநாடா பிடித்தால்தான் தெரியும்.

2015க்குப் பிறகு சிங்கப்பூரின் சிந்தனை திசை மாறியது. பள்ளியை மூடுவது கடைசி ஆயுதமாக இருக்கட்டும், வகுப்பறையையே சுத்தமான இடமாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். 2019இல் புகை மீண்டும் வந்தபோது தொடக்க, உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகள் எல்லாவற்றிலும் காற்றுச் சுத்திகரிப்பான் இருந்தது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு வடிகட்டி, ஒரு விசிறி, மூடிய சன்னல். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை வீட்டில் சுத்திகரிப்பான் வாங்க முடியும் என்று கணக்குப் போட்டால், பல பிள்ளைகளுக்குப் புகை நாளில் வீட்டைவிடப் பள்ளியே பாதுகாப்பான இடமாகிவிட்டது. 1997இன் புத்திமதி இப்படித் தலைகீழாகத் திரும்ப இருபது ஆண்டுகள் ஆயின. பணக்கார நகர அரசுக்கு அது முடிந்தது.

பத்தாயிரம் பள்ளிகள் உள்ள மலேசியா 2019 செப்டம்பரில் பழைய வழியிலேயே போனது. ஒரே நாளில் 2000க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். சரவாக்குக்கு ஐந்து லட்சம் முகமூடிகள் அனுப்பப்பட்டன. கொரோனா வந்து இணைய வகுப்பைப் பழக்கிவிட்ட பிறகு, எண் 200ஐத் தாண்டினால் பாடம் வீட்டிலிருந்து என்று ஆகிவிட்டது. 2023 அக்டோபரில் சுமத்ராவின் பாலெம்பாங் நகரப் பள்ளிகளும் அந்த வழிக்குத்தான் போயின. இணையமும் கைப்பேசியும் இருக்கும் வீட்டுக்குச் சரி.

புகையெல்லாம் நீரிணை தாண்டித்தான் வர வேண்டும் என்றும் இல்லை. கிள்ளானின் ஜோஹான் செத்தியா, காய்கறி விளையும் சதுப்பு மண். அங்கே உள்ளூரிலேயே நிலம் பற்றி எரிந்து, சுமத்ராவில் தீ இல்லாத நாட்களிலும் நாட்டிலேயே உயர்ந்த குறியீடு பதிவாவது உண்டு.

அந்தக் குறியீடு எங்கே அளக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் அளவு நிலையங்கள் நாடு முழுக்க அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பல பள்ளி வளாகங்களில்தான் நிற்கின்றன. கிள்ளானில் ஒன்று, ஒரு பெண்கள் இடைநிலைப் பள்ளிக்குள். குளிரூட்டிய சின்ன அறை, கூரைமேல் காற்றை உறிஞ்சும் குழாய். எண் 200ஐத் தாண்டிய நாளில் மாணவிகள் யாரும் வருவதில்லை. வாசல் பூட்டியிருக்கும். கருவி மட்டும் உள்ளே மணிக்கு ஒரு தடவை எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கும்.